கணுக்கால் அளவுக் கடல்

பழி வாங்குவதற்கு ஓய்வு பெற்ற பிறகான காலத்தைப் போல வசதியான காலம் வேறு கிடையாது. வேலையில் இருக்கும்போது கோபம் வந்தால் அதை விழுங்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். இப்போது அப்படியில்லை. காலையில் பல் தேய்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து, ஒரு பழியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரை பூனைக்குட்டி மாதிரி தடவிக்கொடுக்கலாம். பார்க்கிறவர்கள், மனுஷன் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் ஒரு வருஷம் தடவிக்கொடுத்த பழி என் சகலை மேல் வைத்தது. என் மனைவியின் தங்கை புருஷன். குளியலறைச் சாமான் கடை வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேர் அவர் விற்ற குழாயின் கீழேதான் குளிக்கிறார்கள். ஆள் பெரிய ஆள். முதலில் அவருடைய வயிறு எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும். நாங்கள் எழுந்து, நாற்காலி இழுத்துப் போட்டு, காபி கலந்து முடிக்கும்போது மீதி ஆளும் வந்து சேருவார்.

கல்லூரிக் காலத்தில் நீச்சலில் ஒரு கோப்பை வாங்கியிருக்கிறார். அவர்கள் வீட்டுக் கூடத்தில் அதற்குத் தனியாக ஒரு விளக்கு எரிகிறது. கல்யாணமான புதிதில் கதையைக் கேட்டபோது அவர் ஒரு ஏரியைப் பாதி நீந்தியிருந்தார். அவருக்கு மகன் பிறந்த சமயம் முழு ஏரியையும் நீந்திவிட்டார். கடைசியாகக் கேட்டபோது ஏரி கடலாகியிருந்தது, பின்னால் ஒரு சுறாவும் வந்துகொண்டிருந்தது. குடும்பத்தில் அவருக்குத் திமிங்கிலம் என்று பெயர். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு குடும்பமும் சேர்ந்து கடற்கரைக்குப் போவோம். எந்தக் கடல் என்று முடிவு செய்வது எப்போதும் அவர்தான். அலை அடித்தால் கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்க வேண்டும், அப்போதுதான் அது அவருக்குக் கடல். என் மனைவிக்கோ வாளியில் தண்ணீர் தளும்பினாலே இரண்டடி பின்னால் போகிற சுபாவம். அதனால் எல்லாக் கடற்கரையிலும் அவளுக்கு ஒரே வேலை: பை காவல். ஈரத் துண்டு, பிஸ்கட் பொட்டலம், தொப்பிக்குள் குவித்து வைத்த கைப்பேசிகள், மலை மாதிரி செருப்புகள். கடல் என்றால் அவளுக்கு ஊராருடைய செருப்புக்குப் பின்னால் தெரிகிற ஒரு நீலக் கோடு, அவ்வளவுதான்.

போன வருஷம் நான் தேநீர் வாங்க வரிசையில் நின்ற நேரத்தில் சகலை சொட்டச் சொட்ட வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து இழுத்திருக்கிறார். ஒரே ஒரு அலை அக்கா, ஒண்ணும் ஆகாது என்று. அவள் வேண்டாம் வேண்டாம் என்றதையெல்லாம் அவர் விளையாட்டாக எடுத்துக்கொண்டார். அலை வந்தது. அவளை உருட்டியது. மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டது. கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்குப் பக்கத்தில் நிற்பது நானா கம்பமா என்று தெரியாது. ஈர மணலில் நாலு காலில் தவழ்ந்து துழாவிக்கொண்டிருந்தாள். நான் தேநீரோடு ஓடி வந்தபோது காதில் விழுந்தது சகலையின் குரல்தான்:

"என்னக்கா தேடறீங்க, முத்தா?"

அவர் மகன் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். மறுநாள் அது பாட்டோடு குடும்பக் குழுவில் வந்தது. அதற்குப் பிறகு எந்த வீட்டில் நாலு பேர் கூடினாலும் சகலை கைப்பேசியை எடுத்து அதை ஓடவிடுவார். ஒவ்வொரு தடவையும் என் மனைவியும் எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பாள். பிறகு சமையலறைக்குள் போய் ஒரே ஒரு தம்ளரைக் கழுவுவாள். அந்தத் தம்ளர் தேய்ந்து கண்ணாடித் தாள் மாதிரி ஆகிவிட்டது. இனிமேல் நான் கடலுக்கு வரவில்லை, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

தம்ளரைப் பார்த்துத்தான் நான் முடிவு செய்தேன். இந்த மனிதரை நாலு பேர் பார்க்க மணலில் தவழவிட வேண்டும். என் பெண்டாட்டி கடலுக்குள் நிற்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் நடந்தால் இன்னும் நல்லது.

அதற்கு வழி அவரே போட்டு வைத்திருந்தார். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரே ஒரு முறை இடம் பார்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். போன இடத்தில் மின்விசிறி, யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி கத்தியது. நான் ச்சே என்றேன், அவ்வளவுதான். சகலை மேசையைத் தட்டி ஒரு சட்டம் கொண்டுவந்தார்: இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் குறை சொல்லக்கூடாது, சொன்னால் அந்த நிமிஷத்திலிருந்து ஊர் திரும்பும்வரை அவர்தான் பை காவல். எல்லோரும் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். அந்த வருஷம் நான் மனைவியின் பக்கத்தில் செருப்புகளோடு உட்கார்ந்திருந்தேன். கடலுக்குள் போன ஒருவரும் கரைப்பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தச் சட்டத்துக்குப் பிறகு சகலை எத்தனையோ மட்டமான விடுதிகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். வாயே திறந்ததில்லை. ஆகவே அவர் தானாக, தன் வாயால், எல்லோர் முன்னாலும் தேர்ந்தெடுக்க வேண்டும். அது அவரால் தாங்க முடியாத இடமாகவும் இருக்க வேண்டும்.

அந்த இடத்தை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவன் மீட்டர். என்னோடு மின்சார அலுவலகத்தில் வேலை பார்த்தவன். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்ததால் அந்தப் பெயர். நான் அங்கே புகார் சன்னலில் இருந்தேன். ஆயுசு முழுக்க ஊரார் குறையைக் கேட்டவன் என்பதால் இன்றைக்கும் யாருக்குக் குறை இருந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். மீட்டர் பேரனோடு ஒரு கடற்கரை விடுதிக்குப் போய்விட்டு வந்து முழுதாக ஒரு காலைப்பொழுது புலம்பினான்.

அது குழந்தைகளுக்காகவே கட்டிய இடமாம். விடியும் முன்பே ஆக்டோபஸ் வேஷம் போட்ட ஒருவன் மேளம் அடித்து எழுப்பிவிடுவானாம். சாப்பாட்டுக்கு முன்னால் பெரியவர்களும் கைதட்டிப் பாட வேண்டுமாம். கட்டில்கள் படகு மாதிரி இருக்குமாம். எல்லாவற்றையும்விட, கடல். "அது கடலா அது," என்றான் மீட்டர். "யாரோ தரையில தண்ணியக் கொட்டிட்டுத் தொடைக்க மறந்துட்டான். நடக்கறேன் நடக்கறேன், கணுக்கால் தாண்டல. கால் வலிச்சுப் பாதியிலேயே திரும்பிட்டேன்."

அவனுக்கு இன்னொரு காபி கொடுக்கச் சொன்னேன். கூடவே கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஏன் என்று அவனுக்கு இன்னும் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தோம். மகள் கணினித் திரையில் ஒவ்வொரு கடற்கரையாகக் காட்டிக்கொண்டு வந்தாள். பாறைகள் நிறைந்த ஒன்று, படகில் போக வேண்டிய தீவு ஒன்று. சகலை இரண்டுக்கும் உதட்டைப் பிதுக்கினார். பிறகு நான் முன்பே அவளிடம் சொல்லி வைத்திருந்த விடுதி வந்தது. ஆக்டோபஸைப் பார்த்ததும் பேரப்பிள்ளைகள் மேசை மேல் ஏறாத குறை.

புகார் சன்னலில் உட்கார்ந்து நான் கற்றது ஒன்றே ஒன்றுதான். எதிரே நிற்பவரிடம் இது உங்களுக்குச் சரிப்படாது என்று சொன்னால், அதைத் தவிர வேறு எதையும் வாங்கிக்கொள்ள மாட்டார். நான் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டேன். அந்த முகம் எனக்கு நன்றாக வரும்.

"இது வேணாம்மா," என்றேன். "மீட்டர் போயிட்டு வந்தான். தண்ணிக்குள்ள ரொம்ப தூரம் போகணுமாம். அவனே முடியாம பாதியில திரும்பிட்டான். இதெல்லாம் நம்ம வயசுக்குச் சரிப்படாது."

சகலை பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "யாரு வயசுக்கு, அண்ணே?"

"நம்ம வயசுக்குத்தான் சகலை. கோப்பை வாங்கினதெல்லாம் அந்தக் காலம்."

அவர் தூண்டிலை மட்டும் விழுங்கவில்லை. தூண்டில் பிடித்திருந்த என் கையை முழங்கை வரைக்கும் விழுங்கினார். அந்த இடம்தான், வேறு பேச்சே இல்லை என்றார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நாளைக்கு ஏதாவது என்றால் என்னைச் சொல்லக்கூடாது, இடம் பார்த்தது நான் இல்லை என்று முனகினேன். "நான்தான் பாத்தேன், எல்லாரும் கேட்டுக்கங்க," என்று மார்பில் தட்டிச் சொன்னார். அந்த மார்பில் தட்டின சத்தம் அடங்கவே கொஞ்ச நேரமானது.

நான் சொன்னதில் ஒரு சொல் பொய் இருந்ததா? கிடையாது. தண்ணீருக்குள் ரொம்ப தூரம் போகத்தான் வேண்டும். எதற்காகப் போக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் விசிலடித்துக்கொண்டே முகம் கழுவினேன். வெளியே வந்தால் மனைவி துண்டோடு நிற்கிறாள். நீங்கள் இப்படி விசிலடித்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம், யாருக்கு என்றாள். நான் துண்டை வாங்கி முகத்தை மூடிக்கொண்டேன். அவளும் வற்புறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வேறு ஒன்று கேட்டாள்.

"தண்ணி எவ்வளவு ஆழம்?"

நான் குனிந்து அவள் கணுக்காலைத் தொட்டுக் காட்டினேன். அவள் காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். மறுநாள் கடைத்தெருவிலிருந்து வந்தபோது அவள் பையில் மூக்குக் கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிற கயிறு ஒன்று இருந்தது. தடித்த கயிறு. கப்பலைக் கட்டலாம்.

விடுதி வாசலிலேயே என் மனம் குளிர ஆரம்பித்துவிட்டது. ஆக்டோபஸ் ஓடி வந்து வரவேற்றது. வருகிறவர்களில் பெரிய ஆளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று அதற்கு உத்தரவு போலிருக்கிறது; எட்டுக் கைகளாலும் சகலையை வளைத்துக்கொண்டு விடவே இல்லை. அவர் கையில் மஞ்சள் பட்டை கட்டி, கன்னத்தில் நட்சத்திரம் ஒட்டினார்கள். அறையில் அவருக்கு ஒரு படகுக் கட்டில். அவர் படுத்தால் முழங்காலுக்குக் கீழே எல்லாம் கடலில் தொங்கியது. சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கு மீன் வடிவில் வந்தது, மீனும் மீன் வடிவிலேயே வந்தது. சாப்பிடும் முன் எல்லோரும் நண்டு மாதிரி விரலை அசைத்துப் பாடினோம். என் கொழுந்தியாள், அதாவது சகலையின் மனைவி, பாடிய சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கோப்பையைத் துடைக்கிற வேலை அவளுடையது.

ஒவ்வொன்றும் முடிந்ததும் நான் அவர் பக்கத்தில் போய், சன்னலில் பேசுகிற அதே பதமான குரலில் கேட்டேன். "ஏதாவது குறை இருக்கா, சகலை?"

"ஒரு குறையும் இல்ல அண்ணே."

பிரமாதம் என்றார், அருமை என்றார், பிறகு பரவாயில்லை என்றார். மறுநாள் விடியுமுன் மேளம் அடித்தபோது ம் என்று மட்டும் சொன்னார். பல்லுக்கு நடுவில் கடிபட்டுச் செத்துப் பிறந்த ம். நான் மனம் தளரவில்லை. முக்கியமான விருந்து இன்னும் பரிமாறப்படவில்லை.

அன்று காலை அவர் கடலுக்குப் புறப்பட்ட கோலத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ரப்பர் தொப்பி, நீச்சல் கண்ணாடி, காலில் தவளைத் துடுப்பு. மகனைப் படம் பிடிக்கத் தயாராக இருக்கச் சொல்லிவிட்டு, கோப்பை வாங்கின மார்பை நிமிர்த்திக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கணுக்கால். துடுப்பை மாட்டிக்கொண்டு முன்பக்கமாக நடக்க முடியாது என்பதால் திரும்பி, பின்பக்கமாக, எங்களைப் பார்த்தபடியே நடந்தார். நடந்தார். அதே கணுக்கால். கொஞ்ச தூரம் போனதும் துடுப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். இன்னும் நடந்தார். அவரைக் கடந்து ஒரு கைக்குழந்தை தவழ்ந்து போனது. அவர் ஒரு பொம்மையாகி, பிறகு ஒரு புள்ளியாகி, கடைசியில் அந்தப் புள்ளியும் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டது. மகன் கை வலிக்கிறது என்று கைப்பேசியைத் தொப்பிக்குள் போட்டுவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டான்.

அப்போதுதான் பக்கத்தில் குடைக்கடியில் உட்கார்ந்திருந்த என் மனைவி எழுந்தாள். அதுவரைக்கும் பழக்க தோஷத்தில் செருப்புகளோடே இருந்தவள். கண்ணாடிக் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். தொப்பிக்குள்ளிருந்து தன் கைப்பேசியை எடுத்தாள். தண்ணீரின் ஓரத்தில் நின்று முதலில் கட்டைவிரலை வைத்தாள், எடுத்தாள். பிறகு முழுப் பாதம். என்னைத் திரும்பிப் பார்த்து, கையை நீட்டினாள்.

நாங்கள் நடந்தோம். முதலில் என் விரல்களை நசுக்கி ரசம் எடுத்தாள். கொஞ்ச தூரம் போனதும் பிடி தளர்ந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் கையையே விட்டுவிட்டு எனக்கு முன்னால் போனாள். காலடியில் ஓடுகிற குட்டி மீன்களுக்கெல்லாம் வழிவிட்டு, உடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடலின் நடுவில் என் பெண்டாட்டி போய்க்கொண்டிருந்தாள். குழந்தைகளும் மகளும் கொழுந்தியாளும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். ஊர்வலம் மாதிரி.

சகலை முழங்கால் ஆழத்தைக் கண்டுபிடித்திருந்தார். நாங்கள் வருவதைப் பார்த்ததும் அவருக்குள் சுறா விழித்துக்கொண்டது. இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன்.

பாய்ந்தார். அந்தச் சத்தத்தில் பக்கத்துத் தேசத்தில் பறவைகள் எழுந்து பறந்திருக்கும். வயிறு தரையைத் தொட்டு உழுதுகொண்டே போனது. அந்தப் பள்ளத்தில் பிற்பாடு குழந்தைகள் படகு விட்டார்கள். எழுந்தபோது மீசை முழுக்க மணல். நீச்சல் கண்ணாடியைக் காணவில்லை. பவர் போட்டுச் செய்தது, அதில்லாமல் அவருக்கும் தூரத்தில் எதுவும் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நாலு காலில் நின்று இரண்டு கையாலும் துழாவ ஆரம்பித்தார்.

என் மனைவி நல்லவள். அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பாவம் என்று ஓடிப்போய்த் தூக்கிவிட்டுவிடுவாளோ, என் ஒரு வருஷ உழைப்பு வீணாகிவிடுமோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் நிதானமாக அவருக்கு முன்பக்கம் சுற்றி வந்து நின்றாள். கைப்பேசியை உயர்த்தினாள். வெயில் முகத்தில் விழும்படி ஒரு அடி தள்ளி நின்றாள்.

"கொஞ்சம் நிமிருங்க தம்பி, முகம் விழல." பிறகு, தேன் மாதிரி: "என்ன தேடறீங்க, முத்தா?"

முதலில் சிரித்தது கொழுந்தியாள்தான். பிறகு சிரிக்காமல் நின்றது கடல் மட்டும்.

சகலை எழுந்தார். இத்தனை வருஷத்துச் சட்டத்தையும் இரண்டு நாள் நண்டுப் பாட்டையும் அடக்கி வைத்திருந்த அணை உடைந்தது. "இது ஒரு கடலா? இது கடலா? ஆள் படுக்கற கட்டிலா அது? எந்த மடையன் இந்த எடத்தப் பாத்தான்?"

பேசி முடித்த பிறகுதான் அவருக்கே கேட்டது. வாயை மூடினார். நேரம் கடந்துவிட்டது. நான் அருகில் போய், சன்னலில் கடைசியாகச் சொல்கிற அதே வார்த்தையை மரியாதையாகச் சொன்னேன்:

"புகார் பதிவாயிடுச்சு, சகலை."

சட்டம் அவர் போட்டது. திரும்ப அவ்வளவு தூரமும் நடந்து கரைக்குப் போய், குடைக்கடியில், செருப்பு மலைக்குப் பக்கத்தில் அவரே உட்கார்ந்தார். அங்கிருந்து எங்கள் பக்கம் கையசைத்தார். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். அவர் தனியாக இருக்கிறாரே என்று ஆக்டோபஸ் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் ஒரு கை போட்டது. மீதி ஏழும் சும்மாதான் இருந்தன.

மனைவியின் கால் காய்வதற்குள் படம் குடும்பக் குழுவுக்குப் போய்விட்டது. பாட்டு போடவா என்று மகள் கேட்டதற்கு, வேண்டாம், அவர் குரல் தெளிவாகக் கேட்கட்டும் என்றாள். பழையதை யாரும் அதற்கப்புறம் ஓடவிட்டதாக எனக்குத் தெரியவில்லை. தம்ளருக்கும் விடுதலை.

மிச்சமிருந்த நாட்களெல்லாம் அவள் தண்ணீரிலேயே கிடந்தாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்கூட வரமாட்டேன் என்றாள். கடைசி நாள் காலையில் மணலில் இறங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நேராகக் குடையடிக்குப் போனாள். சகலை நிமிர்ந்து பார்த்தார். மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லத்தான் வாய் திறந்தார் என்று நினைக்கிறேன். அவள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. செருப்பு இரண்டையும் அவர் மடியில் வைத்தாள்.

"இதையும் பாத்துக்கங்க தம்பி. இன்னிக்கு முழங்கால் வரைக்கும் போகப் போறேன்."